ஓசிப் பாட்டுக்குக் காசு கொடுத்தது யார்?



புதுப்படப் பாட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யூடியூபில் வந்தால் காலையில் காலேஜ் பஸ்ஸில் எல்லார் காதிலும் அதுதான் ஓடுகிறது. பத்துப் பைசா செலவில்லை. இப்படி ஓசியில் கேட்பது இன்டர்நெட் கொண்டுவந்த வசதி, அந்தக் காலத்து ஆட்கள் எல்லாம் காசு கொடுத்துத்தான் கேட்டிருப்பார்கள் என்று நம்மில் நிறைய பேர் நினைக்கிறோம். நூறு வருஷக் கதையைப் புரட்டிப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்கள் புதுப்பாட்டை முதன்முதலில் கேட்டது எப்போதுமே ஓசியில்தான்.

"ஓசி" என்ற சொல்லுக்கே ஒரு கதை சொல்வார்கள். கம்பெனி ஆட்சிக் காலத்தில் அரசாங்கக் கடிதங்களில் "கம்பெனி அலுவல்" என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தைக் குத்தி, தபால் செலவில்லாமல் அனுப்புவார்களாம். அதிலிருந்து வந்ததுதான் ஓசி என்று பேச்சு. கதை உண்மையோ இல்லையோ, காமர்ஸ் படிக்கிறவனுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. கடிதம் சும்மா போகாது. குதிரைக்கும் ஓட்டக்காரனுக்கும் யாரோ கூலி கொடுத்தாக வேண்டும். பாட்டும் அப்படித்தான். வரவு என்று ஒன்று இருந்தால் பற்று என்று ஒன்று இருந்தே தீரும். ஓசிப் பாட்டின் பற்றுக் கணக்கு யார் பெயரில் எழுதப்பட்டது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

கடை வாசலும் கல்யாண வீடும்

இந்தியாவில் கிராமபோன் ரிக்கார்டுக்காக முறையாகப் பாட்டுப் பதிவு செய்யும் வேலை 1902ல் கல்கத்தாவில் தொடங்கியது. கௌஹர் ஜான் பாடினார். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம்தான் பாட முடியும். நம்ம மதுரைக்கார எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டு 1926ல், அவருக்குப் பத்து வயதாக இருக்கும்போது வந்தது. ஆனால் கிராமபோன் பெட்டி வாங்க எல்லோராலும் முடியாது. வசதியான வீட்டில்தான் இருக்கும். மற்றவர்கள் திண்ணையோரமாகவோ கடை வாசலிலோ நின்று கேட்டார்கள். கடைக்காரர் தட்டு வாங்கிய காசை வியாபாரத்தில் எடுத்துக்கொண்டார்.

1931ல் 'காளிதாஸ்' வந்து தமிழ்ப் படம் பேச ஆரம்பித்த பிறகு பாட்டுக்கு மவுசு கூடியது. தியேட்டரில் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். வாங்கிவந்த ஒருவர் பாட, தெருவே மனப்பாடம் செய்துகொண்டது.

அதற்கப்புறம் வந்ததுதான் எங்கள் பக்கத்து ஆட்கள் மறக்க முடியாத மைக் செட். 2011ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டாலும் எங்கள் அவனியாபுரத்துப் பெரியவர்கள் பேச்சில் இது இன்னும் கிராமம்தான். தை முதல் நாள் ஜல்லிக்கட்டு, மாரியம்மன் பொங்கல், காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் சவுண்ட் சர்வீஸ்காரர் வந்து உயரத்தில் குழாயைக் கட்டிவிடுவார். எந்தப் படத்தின் தட்டு புதிதாக வந்திருக்கிறதோ அது அவர் பெட்டியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த விசேஷத்துக்கு வேறு செட்டைக் கூப்பிட்டுவிடுவார்கள். காசு கொடுத்தது விசேஷ வீட்டுக்காரர். கேட்டது சுற்றுவட்டாரம் முழுக்க, விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்! ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று ஒலிமாசு விதிகள் வந்ததே 2000ல்தான்.

இதில் சட்டம் சொல்லும் ஒரு சுவாரசியமான விஷயம் உண்டு. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உண்மையான மதச் சடங்கிலும், கல்யாண ஊர்வலத்திலும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் இசைத்தட்டு போடுவது உரிமை மீறல் ஆகாது என்கிறது. ஆக கல்யாண வீட்டில் வாடகை, கரண்ட் எல்லாம் செலவுக் கணக்கில் வரும். பாட்டுக்கு மட்டும் தனியாக எதுவும் வராது.

கொழும்பிலிருந்து வந்த புதுப்பாட்டு

இனிமேல்தான் முக்கியமான கட்டம். 1952ல் பி.வி. கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் ஆனார். அவருக்கு சாஸ்திரிய சங்கீதம்தான் சங்கீதம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கத்தரி விழுந்தது. பாட்டுப் போட்டாலும் படத்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது விளம்பரம் ஆகிவிடுமாம். பெயர் சொல்லாவிட்டால் எங்கள் பாட்டே வேண்டாம் என்று பம்பாய்த் தயாரிப்பாளர்கள் அனுமதியை விலக்கிக்கொண்டார்கள். இந்தச் சண்டையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாட்டை ஓசியில் கேட்கவைப்பது படத்துக்கு விளம்பரம் என்பது இரண்டு தரப்புக்கும் அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

அந்த இடைவெளியில் புகுந்தது ரேடியோ சிலோன். இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் வைத்த 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்புக் கருவி போர் முடிந்ததும் இலங்கையின் கைக்கு வந்தது. இந்தி ரசிகர்களுக்கு அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' 1952ல் தொடங்கியது. தமிழுக்கு எஸ்.பி. மயில்வாகனம், பின்னால் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று ஒரு பட்டாளமே வந்தது. காலையில் 'பொங்கும் பூம்புனல்', கே.எஸ். ராஜாவின் 'திரைவிருந்து', ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு'. தென்மாவட்டங்களில் கொழும்பு ஸ்டேஷன் நன்றாகவே எடுக்கும். மதுரைக்கோ சொந்த வானொலி நிலையம் 1987ல்தான் வந்தது. அதுவரை ஒரு பக்கம் 1939ல் தொடங்கிய திருச்சி நிலையம், இன்னொரு பக்கம் கடல் தாண்டிய கொழும்பு. எங்கள் தெருவில் அறுபது வயது தாண்டியவர்களிடம் "இலங்கை வானொலி" என்று சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு உங்களை விடமாட்டார்கள்.

இன்றைக்கு நாம் பாட்காஸ்ட் என்கிறோமே, அந்தப் பெயர் 2004ல்தான் பிறந்தது. ஆனால் ஒருவர் பாட்டைத் தேர்ந்தெடுத்து, பாடியவர் யார், எழுதியவர் யார் என்று சொல்லி, அடுத்த வாரமும் வாருங்கள் என்று கட்டிப்போடும் அந்த வேலையை இந்த அறிவிப்பாளர்கள் அப்போதே செய்துவிட்டார்கள். வரப்போகும் படங்களின் பாட்டையும் வசனத்தையும் துண்டு துண்டாகப் போட்டுக் கால்மணி நேர விளம்பர நிகழ்ச்சிகளும் உண்டு. ஆல்பம் ப்ரிவியூ என்பது இதுதானே?

சரி, காசு கொடுத்தது யார்? சோப்பு, பற்பசை விற்ற விளம்பரதாரர். கேட்டவர்களும் ஓரளவு கொடுத்தார்கள்: 1980கள் வரை வானொலிப் பெட்டி வைத்திருந்தால் தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். நம் அரசாங்கமும் பாடம் கற்றது. 1957 அக்டோபர் 3ல் விவித்பாரதி வந்தது, 1967ல் அதில் விளம்பரமும் வந்தது. 1980களில் டி.வி.யும் கேசட்டும் பரவின. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையின் நிலைமையே மாறிப்போனது.

கேசட், பஸ், பிறகு இன்டர்நெட்

கேசட் காலத்தில் டீக்கடையும் தனியார் பஸ்ஸும்தான் நம்ம ஊர் வானொலி. நல்ல செட் வைத்த பஸ்ஸுக்காக முன்னால் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு நின்ற மாணவர்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு. 1997ல் மினி பஸ் வந்தபின் கிராமங்களுக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்தது. கூடவே ரெக்கார்டிங் சென்டர். பிடித்த பாட்டுகளைப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் 60 நிமிஷ, 90 நிமிஷ கேசட்டில் பதிந்து தருவார்கள். இதில் கேட்பவர் காசு கொடுத்தார். அது பாட்டு உண்டாக்கியவருக்குப் போகவில்லை.

2000க்குப் பிறகு பிரவுசிங் சென்டர். ராகா, மியூசிக் இந்தியா ஆன்லைன் போன்ற தளங்களில் ரியல் பிளேயர் தத்தித் தத்திப் பாடும். 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்ட் வசதியைச் சேர்த்தது. ஆனால் பேச்சு பாட்காஸ்ட் வளர்ந்த அளவுக்கு முழுப் பாட்டுப் போடும் பாட்காஸ்ட் வளரவில்லை. தரவிறக்கி வைத்துக்கொள்ளும் பாட்டுக்கு ஒவ்வொரு உரிமையாளரிடமும் அனுமதி வாங்குவது தனி ஆளால் ஆகிற காரியமா?

கணக்கை மாற்றியது யூடியூப். 2007ல் வந்த அதன் அடையாளம் காணும் முறை, யார் ஏற்றினாலும் பாட்டின் சொந்தக்காரரைக் கண்டுபிடித்து விளம்பர வருமானத்தை அவர் பக்கம் திருப்ப வழி செய்தது. 2011 நவம்பரில் '3' படத்தின் 'கொலவெறி' பாட்டு அரைகுறையாக வெளியே கசிந்தது. உடனே அந்த மாதம் 16ஆம் தேதி முறைப்படி யூடியூபில் வெளியிட்டார்கள். உலகமே கேட்டது. ஒளித்து வைப்பதைவிட நாமே ஓசியில் கொடுப்பது லாபம் என்று சினிமாவுக்குப் புரிந்தது. பாட்டை வரிகளோடு வீடியோவாக வெளியிடுவது சடங்காகவே ஆகிவிட்டது. 2016ல் ஜியோ வந்து டேட்டா விலையைச் சரித்தபின் கேட்க வேண்டுமா! 'மாரி 2' படத்தின் 'ரௌடி பேபி' 2020 நவம்பரில் 100 கோடிப் பார்வைகளைத் தொட்டது.

ஐந்தொகையில் விடுபட்ட பெயர்

இதுவரை பற்றில் வந்தவர்கள்: கடைக்காரர், விசேஷ வீடு, விளம்பரதாரர், டேட்டா விற்கும் கம்பெனி. எல்லாருமே போட்ட காசைத் திரும்ப எடுக்கக் கணக்குப் போட்டவர்கள். இசையமைத்தவருக்கும் பாட்டு எழுதியவருக்கும் என்ன வந்தது?

1977ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. படத்துக்காகத் தயாரிப்பாளர் காசு கொடுத்து எழுதவைத்த பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே உரிமையாளர். ஒருமுறை கூலி வாங்கினால் அத்தோடு சரி. பாட்டு நாற்பது வருஷம் ஓடினாலும் எழுதியவருக்கு ராயல்டி கேட்க வழியில்லை. இது 2012 வரை ஓடியது. அந்த ஆண்டு பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் வந்தது. மாநிலங்களவையில் ஜாவேத் அக்தர் இதற்காக வாதாடினார். தியேட்டருக்கு வெளியே பாட்டு எங்கே பயன்பட்டாலும் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு, அதை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது என்று சட்டம் ஆனது. கிராமபோன் வந்து 110 வருஷம் கழித்து!

பங்கு உண்டு என்பது சரி, எவ்வளவு? 2010ல் பதிப்புரிமை வாரியம், எஃப்.எம். நிலையங்கள் இசைக் கம்பெனிகளுக்கு நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் கொடுத்தால் போதும் என்றது. நாள் முழுக்கப் பாட்டை வைத்தே ஓடும் நிலையத்துக்கு 2 சதவீதம்!

சினிமாவுக்கு வெளியே போனால் நிலைமை இன்னும் சிக்கல். 2021 மார்ச்சில் மாஜா வெளியிட்ட 'என்ஜாய் எஞ்சாமி'யை நாம் எல்லோரும் ஓசியில்தான் கேட்டோம். கோடிக்கணக்கான பார்வைகள். 2024 மார்ச்சில் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். மாஜா தரப்பு அதை மறுத்தது. யார் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. ஆனால் இவ்வளவு பேர் கேட்ட ஒரு பாட்டின் வரவு செலவு, அதை உண்டாக்கியவருக்கே தெளிவாகத் தெரியவில்லை என்பது நமக்கு உறைக்க வேண்டும்.

நான் ஓசியில் கேட்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள், என் செல்போனும் சிரிக்கும். ஓசியில் கேட்டுக் கேட்டுத்தான் இந்த ஊருக்கு இவ்வளவு பாட்டு தெரியும். அதே ஓசியில் எந்த வாசல் வழியாகக் கேட்கிறோம் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். பாட்டுக்காரரின் சொந்தச் சேனலில் கேட்டால் விளம்பரக் காசில் ஏதோ கொஞ்சம் அவருக்குப் போய்ச் சேர வழி இருக்கிறது. யாரோ திருடி ஏற்றிய கோப்பில் அதுகூட இல்லை. பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் ஆல்பத்தை ஓசியில் கேட்டுவிட்டு, பிடித்தால் வாங்கலாம். கே.எஸ். ராஜாவும் மற்றவர்களும் செய்த மாதிரி, பாட்டை நண்பனுக்கு அனுப்பும்போது எழுதியவர், இசையமைத்தவர் பெயரையும் சேர்த்து அனுப்பலாம். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

நீங்கள் கடைசியாக ரசித்த ஐந்து பாட்டை எழுதிப் பாருங்கள். ஐந்துக்கும் பாடலாசிரியர் யார் என்று தெரியுமா?