மரபு காத்தலும் ஆறுமுக நாவலரும்

மரபைக் காத்தல் என்று சொல்லுதல் எளிது. காக்கப்படுவது யாது, காக்கும் முறை யாது என்னும் இரண்டனையுந் தெளிதல் அரிது. பழையன யாவும் நல்லன என்று பற்றுவாரும், புதியன யாவும் உயர்ந்தன என்று ஓடுவாரும் எக்காலத்தும் உளர். இவ்விரு சாராரும் ஆராய்ச்சியைக் கைவிட்டவரே யாவர். சந்தானாசாரியருள் ஒருவராகிய உமாபதி சிவாசாரியர், தாம் அருளிய சிவப்பிரகாசத்தின் அவையடக்கத்தில், ஒன்றன் தொன்மையே அதற்கு நன்மையாகாது, புதுமையே தீமையுமாகாது என்று தெளிவித்தமை சைவ நன்மக்கள் அறிந்ததே. அத்தெளிவு ஏட்டளவில் நில்லாது ஒருவர் வாழ்க்கையிற் செயலாய் விளங்கியவாற்றை அறிய விரும்புவார்க்கு, யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் சரித்திரம் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

1619ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1621ஆம் ஆண்டில் அவரால் இடிக்கப்பட்டது. 1658 முதல் ஆண்ட ஒல்லாந்தர் காலத்தில், ஞானஸ்நானமும் விவாகமும் அவர்தம் சபைப் பதிவேட்டில் ஏறினாலன்றிக் குடிகட்கு உரிமைகள் கிடைத்தல் அரிதாயிற்று. அதனால் வெளியிற் கிறிஸ்தவராயும் அகத்திற் சைவராயும் வாழ்ந்தவர் பலர். 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வந்தபின் அவ்வன்மை நீங்கிற்று. மென்மையான பிறிதொன்று வந்தது. 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் புகுந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், 1824இல் உடுவிலிற் பெண்கள் பாடசாலையையும் நிறுவினர். மானிப்பாயில் அச்சுக்கூடம் அமைத்தனர். 1841இல் உதயதாரகை என்னும் பத்திரிகையையும் தொடங்கினர். கல்வி, அச்சு, பிரசங்கம் என்னும் இம்மூன்று கருவிகளும் அவர் கையகத்தனவாயின. சைவர் பக்கத்தோ திண்ணைப் பள்ளியும் பனையோலை யேடும் புராண படனமுமே இருந்தன. ஆங்கிலங் கற்று உத்தியோகம் பெற விழைந்த இளைஞர்க்கு மிஷன் பாடசாலையன்றி வேறு புகலிடம் அரிதாயிற்று. பிள்ளைகள் கற்றுத் திரும்புங்கால் பெற்றோர் வழிபாட்டை எள்ளி நகையாடிய வீடுகள் பல.

இக்காலத்தே, 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், நல்லூரிற் கந்தர்க்கும் சிவகாமி அம்மையார்க்கும் மைந்தராய் நாவலர் தோன்றினார். தமிழைச் சரவணமுத்துப் புலவர், சேனாதிராய முதலியார் என்பாரிடத்துங், ஆங்கிலத்தை வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலுங் கற்று, அப்பாடசாலையிலேயே ஆசிரியருமானார். அதன் தலைவராகிய பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழிற் பெயர்த்தபோது உடனிருந்து உதவினார். அப்பணியால் விவிலியத்தை நுணுகிக் கற்றதோடு, மிஷனரிமாருடைய கருவிகளின் ஆற்றலையும் அருகிருந்து கண்டார். கண்டு அஞ்சினாரல்லர், வெறுத்து ஒதுக்கினாருமல்லர், அக்கருவிகளையே தஞ்சமயத்திற்கு ஆக்கிக்கொண்டார்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் பிரசங்கஞ் செய்யத் தொடங்கினார். வெள்ளிதோறும் சைவ நெறியை யாவர்க்கும் விளங்கும் வசன நடையில் எடுத்துரைத்தல் அந்நாளிற் புதுமையே. 1848இல் மிஷன் வேலையையும் அதன் சம்பளத்தையும் துறந்து, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இல்லறம் புகாது நைட்டிக பிரமசாரியாகவே வாழ்ந்தார். 1849இல் அச்சியந்திரம் வாங்கத் தமிழகஞ் சென்றபோது, திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர்தம் சொல்வன்மை கண்டு ‘நாவலர்’ என்னும் பட்டம் அளிக்கப்பெற்றது. மரபின் நிலைக்களமாகிய மடம், புதுக்கருவி தேடிப் புறப்பட்டவரை வாழ்த்தி விடுத்தமை ஈண்டு உய்த்துணரத்தக்கது.

அவர் நிறுவிய வித்தியாநுபாலன யந்திரசாலையினின்றும் பாலபாடம், சைவ வினாவிடை முதலியன வெளிவந்தன. பெரியபுராணத்தை 1852இல் வசனமாக்கி வெளியிட்டார். 1860இல் திருக்கோவையாருரையும், 1861இல் திருக்குறட் பரிமேலழகருரையும் அவர் பரிசோதித்து அச்சிட்டவையாம். குறியீடுகளை இட்டு வாக்கியங்களைப் பிரித்து எழுதும் முறையையும் கைக்கொண்டார். ஆங்கில நூல்களிற் கண்ட அம்முறை தமிழ் வசனத்திற்குத் தெளிவு தந்ததேயன்றிக் கேடு விளைத்திலது. 1864இற் சிதம்பரத்தில் மற்றொரு சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது.

1854இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரம் அவர்தம் வாதமுறையைக் காட்டும். ஆலயம், அபிடேகம், தூபதீபம், தீர்த்தம் முதலியவற்றைப் பாதிரிமார் பழித்தனர். அவைபோல்வன எபிரேயர் வழிபாட்டிலும் விதிக்கப்பட்டுள என்று விவிலியத்தினின்றே எடுத்துக்காட்டி அவர் மறுத்தார். பகைவர் நூலைக் கல்லாது பழிப்பவர் அவ்வாறு மறுத்தல் இயலாது.

ஆயினும் புறத்தாரை மறுத்தல் அவர் பணியிற் பாதியே. மற்றைப் பாதி சைவரைத் திருத்தலாம். ஊர்க் கோயில்களில் உயிர்ப்பலி யிடுதலையும், ஆகமத்திற்கு மாறாகக் கோயில் எடுத்தலையும், தீக்கையில்லார் பூசை செய்தலையும், கோயிற் பொருளை அதிகாரிகள் தம்பொருளாக்குதலையும் அவர் கடிந்தார். 1872இல் எழுதிய யாழ்ப்பாணச் சமயநிலை இவற்றை வெளிப்படக் கூறும். ‘எம் முன்னோர் இவ்வாறே செய்தனர்’ என்றவர்க்கு, முன்னோர் செயலினும் முதனூல் விதியே அளவை என்று விடை யிறுத்தார். அதனால் உற்றாரும் ஊராரும் பகைத்தனர். வழக்கம் வேறு, மரபு வேறு என்பது அவர் கண்ட உண்மை.

அவ்வாண்டிலேயே சைவப் பிள்ளைகட்கு ஆங்கிலங் கற்பிக்க ஒரு பாடசாலையும் தொடங்கினார். பொருளின்மையாற் சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. 1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் பற்றியபோது கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் சிவபதம் எய்தினார். அவர் கருதி முடியாதது பின்வந்தோரால் முடிந்தது. 1888இற் சைவபரிபாலன சபையும், 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் தோன்றின.

இனி, குறையும் மறைக்கத்தக்கதன்று. வருணப் பாகுபாட்டில் நாவலர் தங்காலத்து வழக்கை உடன்பட்டே நின்றார். பின்னர், 1939இல் மதுரை மீனாட்சியம்மை கோயிலிலும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலிலும் ஒடுக்கப்பட்ட குலத்து அடியார் வழிபடப் புகுந்தபோது, தடுத்தவர் வாயில் எழுந்த சொல்லும் ‘மரபு’ என்பதே. ஆயின் நாவலர் தாமே வசனமாக்கிய பெரியபுராணம், திருநாளைப்போவாரையும் திருக்குறிப்புத்தொண்டரையும் திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் யாவரும் தொழும் அடியாராக வைத்துப் போற்றுகின்றது. முதனூலே அளவை என்று அவர் வகுத்த கோலால், அவர் விட்ட இடத்தையும் அளத்தல் அவர்க்கு இழுக்காகாது. அவர் காட்டிய வழியிற் செல்லுதலேயாம்.

எனவே, மரபு காப்பார்க்கு வேண்டுவன மூன்று: தம் நூலைப் பழுதறக் கற்றல், காலத்தின் கருவியை அஞ்சாது கைக்கொள்ளல், தம்மவர் குற்றத்தை முதற்கண் களைதல் என்பன. இம்மூன்றும் இன்றிப் புதுமையை வைதுகொண்டிருத்தல் காவலாகாது. வேலி அடைத்தவன் களை பறியாது விடின், விளைவது பயிராகாது என்பது உழவரும் அறிந்ததே.

சிவம்.