பத்துப் பேர் வகுப்பு: திருச்சியில் பாடப்புத்தகத்துக்கு வெளியே நடந்த படிப்பு

திருச்சி தெப்பக்குளத்தை ஒட்டி, லூர்து மாதா கோயில் கோபுரத்தின் நிழலில் இருக்கிறது செயின்ட் ஜோசப் கல்லூரி. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு இடம் மாறி வந்த கல்லூரி இது. 1952-இல் ஒரு நாள் இங்கே ஒரு சொற்பொழிவு நடந்தது. பேசியவர் கணிதப் பேராசிரியர் தோதாத்ரி ஐயங்கார். விஷயம், பழங்கால இந்தியாவின் கணித மேதைகளும் வானியல் அறிஞர்களும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார். பரீட்சையில் இதிலிருந்து ஒரு கேள்வியும் வரப்போவதில்லை. ஆனாலும் அதைக் கேட்ட ஒரு மாணவருக்கு ஐம்பது வருடம் கழித்தும் அது மறக்கவில்லை. அவர் ராமேசுவரத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த அப்துல் கலாம்.

கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் இந்தச் சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். அதில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விவரம் இருக்கிறது. தோதாத்ரி ஐயங்கார் கலாமுக்கு வகுப்பு ஆசிரியர் அல்ல. அவர் ஹானர்ஸ் மாணவர்களுக்கும் எம்.ஏ., எம்.எஸ்சி. போன்ற மேல் வகுப்புகளுக்கும் பாடம் எடுத்தவர். பி.எஸ்சி. முதல் ஆண்டில் கலாமுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர் இன்னொருவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கால்குலஸ் சீனிவாசன்'. (அந்தக் காலத்திலும் வாத்தியாருக்குப் பட்டப்பெயர் வைக்காமல் விடமாட்டார்கள் போல!) அந்தக் கால்குலஸ் சீனிவாசன்தான் நன்றாகப் படிக்கும் பத்துப் பேரைப் பொறுக்கி எடுத்து, கல்லூரியின் கணித மன்றத்துக்கு அனுப்பி, பெரியவரின் பேச்சைக் கேட்க வைத்தார். அதாவது ஓர் ஆசிரியர் தன்னைவிடப் பெரியவர் என்று தான் நினைத்த இன்னொரு ஆசிரியரிடம் தன் மாணவர்களைக் கொண்டுபோய் விட்டார். இதற்கு அரசாணை கிடையாது, நிதி ஒதுக்கீடு கிடையாது, சான்றிதழ் கிடையாது. ஒரு அறையும் பத்து நாற்காலியும் போதுமாக இருந்தது.

இதில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பத்துப் பேர் உள்ளே போனார்கள் என்றால் மற்றவர்கள் வெளியே நின்றார்கள் என்றுதானே பொருள்? பதினொன்றாவது ஆளாக இருந்தவர் யார், அவர் என்ன ஆனார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. திறமையான மாணவர்களுக்குத் தனிக் கவனிப்பு என்ற இந்த விஷயத்தின் வரலாறு முழுக்க இந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கல்லூரி வருவதற்கு முன்னால் இதே ஊரில் இது எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டுமானால், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் இளமைக்காலத்துக்குப் போக வேண்டும். 1815-இல் திருச்சிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அப்பாவே ஆசிரியர் என்பதால் ஆரம்பப் படிப்பு வீட்டிலேயே முடிந்தது. அப்பா சிறு வயதிலேயே இறந்துவிட, அதற்கு மேல் படிக்கத் திருச்சியில் யாருக்கு என்ன தெரியும் என்று ஒவ்வொருவராகத் தேடிப் போனார். யாரிடம் எந்த ஏடு இருக்கிறது என்று விசாரித்து, இரவல் வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டார். ஊருக்கு வந்த ஒரு பரதேசிக்குத் தண்டியலங்காரம் தெரியும் என்று கேள்விப்பட்டதும், அவர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போய், அவருக்கு வேண்டியதைச் செய்து கொடுத்து, பாடம் கேட்டார். இதையெல்லாம் அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையர் தன் குருவின் சரித்திரத்தில் விவரமாக எழுதி வைத்திருக்கிறார்.

இங்கே மாணவன் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கிறான். செயின்ட் ஜோசப்பில் ஆசிரியர் மாணவனைத் தேர்ந்தெடுக்கிறார். இடையில் நூறு வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. பிள்ளை அவர்கள் அதோடு நிற்கவில்லை. தனக்குக் கிடைக்காமல் அலைந்ததை மற்றவர்களுக்கு அலையாமல் கொடுத்தார். மாணவர்களை வீட்டோடு வைத்து, சோறும் போட்டுப் பாடமும் சொன்னவர் அவர்.

போட்டி, பரிசு என்ற பழக்கம் இங்கிலாந்துக்காரர்கள் மூலமாகத்தான் பள்ளி கல்லூரிகளில் வேரூன்றியது. அதற்கும் திருச்சியில் ஒரு அடையாளம் இருக்கிறது. பிஷப் ஹீபர் என்ற பெயர் திருச்சிக்காரர்களுக்குப் பள்ளியாகவும் கல்லூரியாகவும் பழக்கம். அந்த ரெஜினால்ட் ஹீபர் ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்தபோது, 1803-இல், கவிதைக்கான நியூடிகேட் பரிசை வென்றவர். கல்கத்தா பிஷப்பாக இந்தியாவுக்கு வந்து, 1826 ஏப்ரல் 3 அன்று திருச்சியில் குளிக்கப் போன இடத்தில் இறந்தார். இங்கேயே செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஒரு மாணவக் கவிதைப் போட்டியில் ஜெயித்தவரின் பெயரில் இந்த ஊரில் பல ஆயிரம் பேர் படித்திருக்கிறார்கள்.

மறுபடியும் செயின்ட் ஜோசப்புக்கு வரலாம். 1937-இல் பிரான்சிலிருந்து சார்ல்ஸ் ராசின் என்ற இயேசு சபைப் பாதிரியார் இங்கே கணிதம் சொல்லிக் கொடுக்க வந்தார். பாரிஸில் எலி கார்த்தான் என்ற பெரிய கணித மேதையிடம் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்கியவர். அன்றைக்கு நம் பல்கலைக்கழகங்களில் பழைய கேம்பிரிட்ஜ் பாணிக் கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த கணிதத்தை ராசின் மாணவர்களுக்குக் காட்டினார். பாடத்திட்டம் இடம் கொடுக்காததால் அதைப் பாடத்துக்கு வெளியே செய்தார். திருச்சிக்கு அவர் இரண்டே வருடம்தான் கிடைத்தார். 1939-இல் சென்னை லயோலாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அங்கே அவரிடம் படித்த சி.எஸ்.சேஷாத்ரி, எம்.எஸ்.நரசிம்மன் இருவரும் உலகம் அறிந்த கணித அறிஞர்கள் ஆனார்கள். அந்த மாற்றல் உத்தரவு மட்டும் வராமல் இருந்திருந்தால் என்று திருச்சிக்காரர்கள் பெருமூச்சு விட நியாயம் உண்டு.

கலாம் 1950-இல் இண்டர்மீடியட் சேர்ந்து 1954-இல் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தார். விடுதி அறையில் அவரோடு இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஸ்ரீரங்கத்து ஆசாரமான ஐயங்கார், இன்னொருவர் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர். மூன்றாம் ஆண்டில் சைவ மெஸ்ஸுக்குச் செயலாளராகவும் இருந்தார் கலாம். இதுவும் பாடப்புத்தகத்துக்கு வெளியே நடந்த படிப்புதான். இதை எந்தத் திறனாய்வுத் தேர்விலும் மதிப்பெண் போட முடியாது.

அதே காலத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்திலிருந்து அதே கல்லூரிக்கு வந்து படித்தவர் ரங்கராஜன், அதாவது எழுத்தாளர் சுஜாதா. ஸ்ரீரங்கம் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். அவருடைய முதல் கதை 1953-இல், கல்லூரி மாணவராக இருக்கும்போதே, திருச்சியில் திருலோக சீதாராம் நடத்திய 'சிவாஜி' பத்திரிகையில் வந்தது. அதே ஸ்ரீரங்கத்தில் இளைஞராக இருந்த வாலி 'நேதாஜி' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். முதல் பிரதியை வெளியிட்டவர் கல்கி! ஒரு பையன் கையால் எழுதிய பத்திரிகையை வெளியிட அவ்வளவு பெரிய ஆசிரியர் வந்தார் என்பதை இன்றைக்கு நம்புவது கஷ்டம்.

கலாமுக்கும் இப்படி ஒரு பரிசு கிடைத்தது, ஆனால் சென்னையில். எம்.ஐ.டி.யில் படிக்கும்போது அங்கிருந்த தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்வோம் என்ற கருத்தில் தமிழில் எழுதி முதல் பரிசு பெற்றார். பரிசு கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். விமானத்தைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுத முடியும் என்று நினைத்த சங்கத்தைத்தான் இதில் முதலில் பாராட்ட வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. கால்குலஸ் சீனிவாசனின் பத்துப் பேரும் ஆண்கள்தான். அன்றைய செயின்ட் ஜோசப்பின் பட்ட வகுப்புகளில் பெண்களுக்கு இடம் இல்லை. திருச்சியில் பெண்களுக்கு 1923-இல் ஹோலி கிராஸ் கல்லூரியும், 1951-இல் சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரியும் வந்தன. அதில் ஹோலி கிராஸ் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் தோதாத்ரி ஐயங்காரின் குரல் அந்தத் தூரத்தைத் தாண்டவில்லை.

அடுத்த கட்டம், தேர்ந்தெடுக்கும் வேலையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1963-இல் என்.சி.இ.ஆர்.டி. தேசிய அறிவியல் திறனாய்வுத் திட்டத்தை டெல்லியில் மட்டும் சோதனையாகத் தொடங்கியது. கொடுத்தது வெறும் 10 உதவித்தொகை. (இங்கேயும் பத்து!) அடுத்த வருடமே நாடு முழுவதற்கும் 350 ஆக்கினார்கள். எழுத்துத் தேர்வு, அறிவியல் கட்டுரை, மாணவர் தானே செய்த ஒரு புராஜெக்ட் அறிக்கை, நேர்காணல் என்று இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புராஜெக்ட் செய்ய ஆய்வுக்கூடம் வேண்டும், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். முசிறிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பையன் எங்கே போவான்? 1970களின் நடுவில் இதைப் பொதுவான தேசியத் திறனாய்வுத் தேர்வாக மாற்றி, சமூக அறிவியல், பொறியியல், மருத்துவம் படிப்பவர்களுக்கும் திறந்து, 500 ஆக உயர்த்தினார்கள். 1985 முதல் முதல் சுற்றை மாநிலங்களே நடத்தின.

ஆசிரியர்கள் பக்கத்தில் 1965-இல் சென்னையில் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் உருவானது. அதில் முன்னணியில் நின்ற பி.கே.சீனிவாசன், முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ராமானுஜனின் கடிதங்களையும் அவரைத் தெரிந்தவர்களின் நினைவுகளையும் தேடிச் சேர்த்து 1968-இல் புத்தகமாகக் கொண்டு வந்ததும் அவர்தான். ஆசிரியர்களுக்கு மாநாடு, பத்திரிகை, மாணவர்களுக்கு கணிதத் திறன் போட்டி என்று சங்கம் நடத்துகிறது. போட்டியின் படிகளுக்குக் காஸ், கப்ரேகர், பாஸ்கரா, ராமானுஜன், ஆர்யபட்டா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1952-இல் தோதாத்ரி ஐயங்கார் பத்துப் பேருக்குச் சொன்ன பெயர்களில் சில இங்கே தேர்வுத் தாளின் தலையிலேயே அச்சாகிவிட்டன.

1993-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இன்னும் வேறு மாதிரி. 10 முதல் 17 வயதுக் குழந்தைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, ஒரு வழிகாட்டி ஆசிரியரோடு, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆராய்ந்து, தங்கள் மொழியிலேயே சொல்லலாம். தமிழ்நாட்டில் இதை முன்னின்று செய்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். திருச்சிக் குழந்தைகளுக்கு விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. ஊருக்கு நடுவே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்கால் ஒன்றே பத்து வருடத்துக்குப் போதும்.

ஆனால் திருச்சி மாவட்டத்தைப் பொறுத்தவரை கதவை உண்மையாகவே அகலத் திறந்தது, அதிகம் பேசப்படாத ஒரு தேர்வு. தமிழக அரசு 1991-இல் கொண்டு வந்த ஊரகத் திறனாய்வுத் தேர்வு. எல்லோரும் 'டிரஸ்ட்' தேர்வு என்பார்கள். கிராமப்புறப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு படிப்பவர்கள் மட்டும் எழுதலாம். மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய். பணம் சின்னதுதான். ஆனால் பாதி இடம் பெண்களுக்கு என்று எழுதி வைத்ததும், பெரிய நகரத்துப் பள்ளிகளோடு மோத வேண்டாம் என்று விட்டதும் சின்ன விஷயம் அல்ல. தலைநகரத்துக்குப் பத்து என்று தொடங்கிய கணக்கு, ஒரு மாவட்டத்துக்கு நூறு என்று ஆனது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1994-இல் திருச்சி மாநகராட்சியானபோது ஸ்ரீரங்கமும் அதற்குள் வந்தது. அதற்கு முன்பும் ஸ்ரீரங்கம் நகராட்சிதான். எனவே ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் படிக்கும் பூக்கட்டுகிறவர் மகள் இந்தத் தேர்வை எழுத முடியாது. கொள்ளிடத்தைத் தாண்டி மண்ணச்சநல்லூர்ப் பக்கம் படித்தால் எழுதலாம். ஆற்றின் எந்தக் கரையில் பள்ளி இருக்கிறது என்பதுதான் கணக்கு. 2008-இல் மத்திய அரசு கொண்டு வந்த தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு இந்தக் குறையைக் கொஞ்சம் சரி செய்தது. எட்டாம் வகுப்பில் எழுதுவது. நாடு முழுக்க வருடத்துக்கு ஒரு லட்சம் பேர். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்றால் நகரமானாலும் கிராமமானாலும் எழுதலாம், குடும்ப வருமானம் மட்டும் வரம்புக்குள் இருக்க வேண்டும். மாதம் 500 ரூபாயாக இருந்த தொகை பின்னர் 1,000 ஆனது.

பழைய தேசியத் திறனாய்வுத் தேர்வு 2021 மார்ச்சுக்குப் பிறகு நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த வருடமே, 2022-இல், தமிழக அரசு பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு என்று ஒன்றைத் தொடங்கியது. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு வருடம். பாதி இடம் அரசுப் பள்ளிகளுக்கு. பரதேசியின் பின்னால் நடந்து தண்டியலங்காரம் கேட்டவரின் ஊரில் இப்போது தமிழுக்குத் திறனறித் தேர்வு நடக்கிறது. கேள்விகள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடப்புத்தகத்திலிருந்து வருகின்றன.