தபால் வாக்கும் சான்றொப்பமும்

வாக்குப்பதிவு நாளன்று ஊரில் இல்லாத வாக்காளர் யாது செய்வது? இவ்வினாவுக்கு உலகம் ஒரே விடை கூறவில்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடுகின்றது. ஆரிகன் மாநிலம் வாக்காளர் அனைவர்க்கும் வாக்குச் சீட்டைத் தபாலிலேயே அனுப்புகின்றது. டெக்சாஸிலோ 65 வயது நிறைந்தோர், நோயுற்றோர், வெளியூரில் இருப்போர் முதலிய சிலரே அதனைக் கோரலாம்.

நம் நாட்டில் நாடு முழுமைக்கும் விதி ஒன்றே. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் அதன் கீழமைந்த விதிகளும் படைவீரர், தேர்தல் பணியாளர், தடுப்புக்காவலில் உள்ளோர் முதலிய சில வகையினர்க்கே தபால் வாக்கை வழங்கின. 2019-இல் 80 வயது கடந்தோரும் மாற்றுத் திறனாளிகளும் சேர்க்கப்பட்டனர். 2024-இல் அவ்வயது 85 ஆக உயர்த்தப்பட்டது. எங்கள் எப்போதும்வென்றானிலிருந்து பிழைப்பை நாடித் திருப்பூர் சென்ற தொழிலாளிக்கு அவ்வுரிமை இல்லை. அவர் பேருந்தேறி ஊர் வந்தே வாக்களித்தல் வேண்டும்.

ஆசிரியர்க்கும் தேர்தலுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. இமாசலத்துச் சீனி என்னும் மலையூரில், பனி மூடுவதற்கு முன்பாக, 1951 அக்டோபர் 25-ஆம் நாளிலேயே வாக்குப்பதிவு நடைபெற்றது. அங்கே பள்ளி ஆசிரியர் சியாம் சரண் நேகி, தேர்தல் பணிக்குச் செல்லுமுன் காலையிலேயே வாக்களித்து, நாட்டின் முதல் வாக்காளர் எனப் பெயர் பெற்றார். நூறு வயது கடந்த அவர், 2022 நவம்பரில் மறைவதற்குச் சில நாள் முன்பு தபால் வாக்கை அளித்தார்.

தபால் வாக்கில் இரண்டு உறைகள் உண்டு. சிறிய உறையில் வாக்குச் சீட்டு. பெரிய உறையில் அச்சிறிய உறையும் சான்றொப்பம் பெற்ற உறுதிமொழியும். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியனாயிருந்த காலத்தில், சக ஆசிரியர்கள் அவ்வுறுதிமொழியை என்னிடம் நீட்டுவது வழக்கம். அச்சிறு கையெழுத்தின் எடையை இராதாபுரம் தொகுதி நாடறியச் செய்தது.

2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே இன்பதுரை 49 வாக்கு வேறுபாட்டில் அப்பாவுவை வென்றார். ஆனால் 203 தபால் வாக்குகள் நிராகரிக்கப்பட்டிருந்தன. அவற்றில் சான்றொப்பமிட்ட பள்ளித் தலைமையாசிரியர்கள் அதற்குத் தகுதியுடைய அதிகாரிகள் அல்லர் என்பதே காரணம். 2019-இல் உயர்நீதிமன்றம் அவற்றை மீண்டும் எண்ணப் பணித்தது. எண்ணிக்கை நடந்தது, முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை விதித்தது. 2021-இல் அச்சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது.

அவ்வாக்குகளை அளித்தோர் பிறர் வாக்களிப்பதற்காகத் தம் ஊரை விட்டுச் சென்ற பணியாளர்கள். சான்றொப்பமிடத் தக்கவர் யார் என்பதைத் தேர்தலுக்கு முன்பே ஐயமின்றி அறிவித்தல் அதிகாரிகளின் கடமை. உறையை ஒட்டுமுன் அதனைக் கேட்டுத் தெளிதல் ஆசிரியப் பெருமக்களாகிய நம் கடமை.