வட வேல்ஸின் கோட்டைகளும் நகரங்களும்

ஐரோப்பாவின் மத்தியகாலத்தை அறிய விழைவோர்க்கு ஏடுகளும் பட்டயங்களும் மட்டுமன்றிக் கல்லும் சான்றாகும். வேல்ஸ் நாட்டின் வடமேற்குக் கரையோரத்தில் ஹார்லெக், கயர்நார்வன், போமாரிஸ், கொன்வி ஆகிய நான்கு கோட்டைகள் உள்ளன. வழிகாட்டி ஒருவரின் துணையுடன் சிறு குழுக்களாக வருவோர் இரண்டு மூன்று நாட்களில் இவற்றைப் பார்த்து முடித்துவிடுகின்றனர். இந்நான்கு கோட்டைகளையும் கயர்நார்வன், கொன்வி நகர மதில்களையும் யுனெஸ்கோ நிறுவனம் 1986இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. பார்வையாளரின் கண்கள் முதலில் நாடுவது கோபுரங்களின் உயரத்தையே. ஆயினும் இக்கோட்டைகள் தனித்து எழுந்தவையல்ல. ஒவ்வொன்றினருகிலும் ஒரு நகர் அதனுடன் சேர்த்தே நிறுவப்பட்டது. வென்ற நிலத்தைக் காப்பதற்குக் கோட்டை எழுந்தது. அந்நிலத்தின் வணிகத்தையும் நிர்வாகத்தையும் வென்றோர் கையில் வைத்திருப்பதற்கு நகர் எழுந்தது. இவ்விரண்டையும் ஒருசேர நோக்கினாலன்றி இவற்றின் வரலாறு விளங்காது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வேல்ஸின் பெரும்பகுதியில் மேலாண்மை செலுத்தியவர்கள் குவினெத் இளவரசர்கள். இங்கிலாந்தின் மன்னன் முதலாம் எட்வேட் 1277இலும் பின்னர் 1282-83இலும் இவர்கள்மீது போர் தொடுத்தான். 1282 டிசெம்பரில் லிவெலின் இளவரசன் கொல்லப்பட்டான். மறு ஆண்டில் அவன் தம்பி டவித் பிடிபட்டு மரண தண்டனைக்குள்ளானான். 1284ஆம் ஆண்டின் ருத்லன் சட்டம் குவினெத்தை ஆங்கில முடியின் நேரடி ஆட்சிக்குட்படுத்தியது. சவோய் நாட்டிலிருந்து வந்த சென் ஜோர்ஜ் ஜேம்ஸ் என்னும் கட்டடக் கலைஞன் கோட்டைப் பணிகளை நெறிப்படுத்தினான். இங்கிலாந்தின் பல மாவட்டங்களிலிருந்தும் தொழிலாளர் கட்டாயமாகத் திரட்டி அனுப்பப்பட்டனர். எட்வேட் வேல்ஸிற் கட்டிய கோட்டைகளுக்கு ஏறத்தாழ 80,000 பவுண் செலவாயிற்று என ஆய்வாளர் கணித்துள்ளனர்.

தெற்கிலிருந்து வருவோர் முதலிற் காண்பது செங்குத்தான பாறையொன்றின்மீது நிற்கும் ஹார்லெக் கோட்டையை. 1283இல் தொடங்கிய இதன் வேலை 1289இல் நிறைவெய்தியது. இன்று கோட்டைக்கும் கடலுக்குமிடையே மணல்மேடுகளும் வயல்களும் பரந்துள்ளன. அக்காலத்திலோ கடல்நீர் பாறையின் அடிவரை வந்தது; அங்கிருந்து பாறையில் அமைந்த படிவழியே பொருட்கள் மேலேற்றப்பட்டன. அமைதிக் காலத்தில் இங்கு நிறுத்தப்பட்ட காவற்படை நாற்பது பேருக்கும் குறைவானது. 1294இல் மடொக் என்பவனின் தலைமையில் வேல்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது தரைவழி அடைபட்ட நிலையிலும் இக்கோட்டை வீழவில்லை. கடல்வழியே உணவு வந்தமையே அதற்குக் காரணமாகும். ஏனைய மூன்று கோட்டைகளும் இவ்வாறே கப்பல் அணுகக்கூடிய இடங்களில் அமைந்தமை தற்செயலானதன்று.

கயர்நார்வன் நகரில் வழிகாட்டிகள் கூறும் கதையொன்றுண்டு. ஆங்கிலம் பேசாத இளவரசனொருவனைத் தருவதாக வேல்ஸ் தலைவர்களுக்கு வாக்களித்த எட்வேட், இக்கோட்டையிற் பிறந்த தன் குழந்தையையே அவர்களுக்குக் காட்டினான் என்பது அக்கதை. குழந்தை 1284 ஏப்ரிலில் அங்கு பிறந்தது உண்மையே. ஆனால், அப்போது அதன் மூத்த சகோதரன் உயிருடனிருந்தான். இளவரசுப் பட்டமோ 1301இலேயே வழங்கப்பட்டது. கதை முதன்முதலாக எழுத்தில் தோன்றுவதும் பதினாறாம் நூற்றாண்டில்தான். பலவண்ணக் கல் வரிசைகளும் பல்கோணக் கோபுரங்களும் கொண்ட இக்கோட்டை கொன்ஸ்தாந்திநோபிளின் மதில்களை நினைவூட்டுமாறு கட்டப்பட்டது என்ற கருத்தும் உண்டு. அண்மையிலேயே பழைய உரோமக் கோட்டையொன்றின் சிதைவுகள் இருப்பது இக்கருத்துக்கு வலுவூட்டுவதாகும். வென்றோன் தன்னைப் பேரரசரின் வழித்தோன்றலாகக் காட்ட முனைந்திருத்தல் கூடும். எனினும், நகர்ப்பக்கத்துக் கோட்டை மதில் உயருமுன்பே 1294இல் கிளர்ச்சிக்காரர் நகர மதிலைத் தாண்டி உட்புகுந்து கோட்டையையும் கைப்பற்றினர். நகர் வீழ்ந்தால் கோட்டையும் வீழும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

அக்கிளர்ச்சியின் நேரடி விளைவே மெனாய் நீரிணைக்கு அப்பால் ஆங்கிள்சித் தீவில் எழுந்த போமாரிஸ் கோட்டை. 1295இல் வேலை தொடங்கிற்று. அடுத்த ஆண்டு மாசி மாதத்தில் ஜேம்ஸ் அனுப்பிய கடிதத்தில் 400 கற்கொத்தர், 2,000 சிற்றாட்கள், 200 கல்லுடைப்போர், 30 கொல்லரும் தச்சரும், 100 வண்டிகள், 60 பெருவண்டிகள், 30 படகுகள் என்பவற்றுக்கான கணக்கு காணப்படுகின்றது. பணம் குறைந்தது, மன்னனின் கவனம் ஸ்கொத்லாந்துப் போரின்பால் திரும்பிற்று. ஒன்றனுள் ஒன்றாய் மதில்கள் சூழ்ந்த இக்கோட்டை அமைப்பில் ஈடிணையற்றதாயினும் இன்றுவரை முழுமை பெறாததே. ஆனால் இவ்விடத்து வரலாற்றின் கனதியான பகுதி கோட்டைக்கு வெளியே உள்ளது. அருகில் லான்வைஸ் என்ற வளமான வேல்ஸ் வணிகத் துறை இருந்தது. புதிய ஆங்கில நகருக்குப் போட்டியாக அது நிலைத்தல் கூடாது எனக் கருதப்பட்டது. அதன் மக்கள் தீவின் மறுபுறத்தே ஏறத்தாழ 20 கிலோமீற்றருக்கு அப்பாற் பெயர்த்துக் குடியமர்த்தப்பட்டனர். அக்குடியிருப்பு 'புதிய நகர்' எனப் பொருள்படும் நியூபரோ என்ற பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது.

கொன்வியிற் பெயர்க்கப்பட்டோர் துறவியர். குவினெத் இளவரசன் பேரரசன் லிவெலின் அடக்கஞ் செய்யப்பட்ட மடாலயம் நின்ற இடத்திலேயே 1283இல் நகரும் கோட்டையும் தொடங்கின. மடாலயம் ஆற்றின் மேற்பள்ளத்தாக்கிலுள்ள மேனனுக்கு மாற்றப்பட்டது. எட்டுக் கோபுரங்கள் கொண்ட கோட்டையும், 21 கோபுரங்களும் மூன்று வாயில்களும் கொண்டு ஏறத்தாழ 1.3 கிலோமீற்றர் நீளும் நகர மதிலும் நான்கைந்து ஆண்டுகளிற் பெரும்பாலும் நிறைவெய்தின. மதிலின்மேல் நடந்து செல்வோர் கோட்டையும் நகரும் ஒரே அரணாக இணைந்திருப்பதைக் கண்கூடாகக் காணலாம். இந்நகரங்களிற் காணிகள் ஆங்கிலக் குடியேறிகளுக்கே வழங்கப்பட்டன. கோட்டைத் தளபதியே நகரத் தலைவனாகவும் விளங்கினான். 1294ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் வேல்ஸ் மக்கள் மதில் சூழ்ந்த நகரங்களில் நிலம் வைத்திருத்தல் தடைசெய்யப்பட்டது. ஓவைன் கிளின்டூரின் கிளர்ச்சி 1400இல் மூண்டபின் 1402இல் இத்தகைய தடைகள் மேலும் இறுக்கப்பட்டன. 1401இன் பெரிய வெள்ளியன்று காவலர் தேவாலயத்திலிருந்த வேளை டுடுர் சகோதரர் இருவரின் சிறு கூட்டமொன்று தந்திரமாகக் கொன்விக் கோட்டையைக் கைப்பற்றியது. அதே குடும்பத்தின் வழிவந்த ஏழாம் ஹென்றி 1485இல் இங்கிலாந்தின் அரியணையேறினான். அவன் மைந்தன் காலத்தில் 1536, 1543ஆம் ஆண்டுச் சட்டங்கள் வேல்ஸ் மக்களுக்குச் சட்டத்தின்முன் சமநிலை அளித்தன. அச்சட்டங்களே நீதிமன்றங்களின் மொழியாக ஆங்கிலத்தை ஆக்கின.

பதினெட்டாம் நூற்றாண்டு முதலாகப் பயணிகளும் ஓவியர்களும் இவ்வரண்களின் அழகைத் தேடி வந்தனர். இன்றைய சுற்றுலா அதன் தொடர்ச்சியே. அவ்வழகு மறுக்கற்பாலதன்று. ஆயினும் போமாரிஸைப் பார்ப்போர் நியூபரோவையும், கொன்வியைப் பார்ப்போர் மேனனையும் நினைவிற் கொள்ளாவிடின் அவர்கள் பார்த்தது வரலாற்றின் பாதியே எனலாம். மறு பாதியைக் கயர்நார்வனின் வீதிகளிலே கேட்கலாம். வேல்ஸ் மக்களை வெளியே நிறுத்துவதற்கென எழுந்த அந்நகரில் இன்று வாழ்வோருட் பெரும்பான்மையினர் வெல்ஷ் மொழியைப் பேசுபவர்கள். மன்னனின் பொருளும் கலைஞனின் திறனும் எழுப்பிய மதில்கள் நிலைத்துள்ளன. அவை எந்நோக்கத்துக்காக எழுந்தனவோ அந்நோக்கம் நிலைக்கவில்லை.