உறுமி மேளக் குழுக்கள் (கெடா, மலேசியா)

உறுமி மேளம் என்பது மலேசியத் தமிழ் இளைஞர்கள் தாங்களே கூடி, தங்கள் கைக்காசைப் போட்டு நடத்தும் தாள இசைக்குழு. பத்துப் பதினைந்து பேர், ஒரே நிறச் சட்டை, நடுவில் உறுமி, சுற்றிலும் தவிலும் பம்பையும் ஜால்ராவும். வாத்தியங்களின் சேர்க்கை குழுவுக்குக் குழு மாறும். காவடி, தீமிதி, தேர் உபயம் என எதுவானாலும் முன்னால் நடப்பவர்கள் இவர்களே. கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வட்டாரங்களில் திருவிழாக் காலத்தில் இந்த ஓசை கேட்காத ஊரில்லை. இதற்கு ஒப்பாக, லண்டனில் 1976 வாக்கில் எழுந்த பங்க் இசைக்காரர்கள் எவர் தயவையும் எதிர்பாராமல் தாங்களே கற்று, தாங்களே பதிவு செய்து வெளியிட்டார்கள். மலேசியாவிலும் கிள்ளான் நகரிலிருந்து பங்க்ஃபேஸ் என்ற குழு அந்த வழியில் வந்து புகழ்பெற்றது. கெடாவின் ரப்பர் தோட்டத்துப் பையன்களிடம் கித்தார் இல்லை, தோல் இருந்தது. மற்றபடி அதே வயது, அதே பிடிவாதம்.

உறுமி இடை சிறுத்த இருமுகக் கருவி. பட்டையைத் தோளில் மாட்டி, ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் எழும் கனத்த முனகல்தான் கருவிக்குப் பெயர் கொடுத்தது. தமிழ்நாட்டில் பூம்பூம் மாட்டுக்காரர் கையில் அதைக் காணலாம். கம்பளத்து நாயக்கரின் தேவராட்டத்துக்கும் இந்த இனத்துக் கருவியே துணை. அடிப்பதைவிடத் தேய்ப்பது கடினம். அழுத்தம் கூடினால் ஓசை அடைத்துவிடும், குறைந்தால் கீச்சிடும். உறுமி இழுக்க இழுக்க அருள் வரும் என்பது பக்தர் நம்பிக்கை. காவடி எடுப்பவரின் கண் செருகும் கணத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டுவதும், அவர் தளரும்போது இறக்குவதும் நல்ல உறுமிக்காரரின் தேர்ச்சி. இந்தத் தேர்ச்சி ஏட்டில் எழுதப்படவில்லை. அண்ணன் கையைப் பார்த்துத் தம்பி கற்றதுதான்.

கெடாவில் இதன் வேர் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது. 1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி சயாம் கெடாவை ஆங்கிலேயர் மேலாதிக்கத்துக்கு விட்டுக்கொடுத்த பிறகு மாநிலத்தின் தென்பகுதியில் தோட்டங்கள் பெருகின. கங்காணி முறையில் தமிழ் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் வந்தார்கள். 1938இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தியது. லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளும் கள்ளுக்கடையும் தமிழ்ப்பள்ளியும் இருந்த இடத்தில் ஒரு மாரியம்மனும், தோட்டத்து எல்லையில் ஒரு முனீஸ்வரரும் இருந்தார்கள். ஆண்டுக்கொரு திருவிழா, அன்றைக்குத்தான் மேளம்.

ஆனால் தோல் வாத்தியத்தோடு ஊரில் ஒட்டியிருந்த சாதி இழிவும் கூடவே கப்பலேறி வந்தது என்பதை மறைக்கக் கூடாது. பறையடிப்பது இன்னார் கடமை என்ற வழக்கம் தோட்டத்திலும் இருந்தது. 1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து பேசிய சுயமரியாதைக் கருத்துகள் தோட்டங்களையும் எட்டின. போருக்குப் பின் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் இளைஞர்கள் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்தார்கள். 1947இல் போலீசார் அதை அடக்கினார்கள். இது இசை வரலாறு அல்லதான். ஆனாலும் மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல் தோட்டத்து இளைஞர் தாமே கூடும் பழக்கம் கெடாவில் அவ்வளவு பழையது. இன்று எந்த வீட்டுப் பையனும் உறுமியைப் பெருமையாகத் தோளில் மாட்டுகிறான். இழிவென்று ஒதுக்கப்பட்ட ஒன்று விருப்பத்தோடு ஏந்தும் கலையாக மாறியதே இந்த வரலாற்றின் முதன்மையான செய்தி என்பது இக்கட்டுரையின் முடிவு.

பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டார்கள்; பிறகு பல தோட்டங்களில் அதையும் அழித்து வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. லயன்களைவிட்டு வெளியேறியவர்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களின் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தபோது பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்தது. தோட்டம் கலைந்தால் கோயில் மட்டும் தனியே நிற்கும். திருவிழாவுக்கு எல்லோரும் திரும்பி வருவார்கள். பழைய தோட்டத்துச் சொந்தங்கள் ஒன்றுசேர மிஞ்சிய காரணங்களில் மேளமும் ஒன்று.

வேலை முடிந்த இரவுகளில் கோயில் வளாகத்தில் பயிற்சி. தெய்வத்தின் பெயரையோ ஊரின் பெயரையோ குழுவுக்கு வைப்பார்கள். கிடைக்கும் சன்மானம் கிழிந்த தோலை மாற்றவும் வேனுக்கு எண்ணெய் ஊற்றவும் போய்விடும். ஒலிநாடா, குறுவட்டு, இப்போது யூடியூப் என்று அவரவர் வசதிப்படி பாடல்களைப் பதிந்து பரப்புகிறார்கள்.

எதிர்ப்பும் உண்டு. சாமி ஊர்வலத்தில் சினிமா மெட்டா என்று கோயில் நிர்வாகங்களும் சமய அமைப்புகளும் கேட்கின்றன. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மலேசிய உள்துறை அமைச்சு 2013இல் 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, ஊர்வலங்களில் கும்பல் சின்னம் பொறித்த சட்டைகள் அணிவதும் கண்டனத்துக்கு உள்ளானது. அதற்காக உறுமி அடிக்கும் பையனெல்லாம் குண்டன் என்று பார்ப்பது அநியாயம். அண்டையிலுள்ள சிங்கப்பூர் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியங்களைத் தடைசெய்து, 2016 முதலே சிறிது சிறிதாகத் தளர்த்தியது. மலேசியாவில் அப்படி நேராதது இந்தக் கலை வளர உதவியிருக்கலாம்.

ஊர்வலத்துக்கு வெளியே மேடை இசையிலும் மலேசியத் தமிழர் எழுந்தார்கள். பினாங்கில் டேவிட், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் அலிகேட்ஸ் மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் அறியப்பட்டது. யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தமிழ் ராப்பைத் தமிழ்நாடு வரை கொண்டுபோனது. அவர்களைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. உறுமிக் குழுக்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

2021 தைப்பூசத்துக்குக் கெடா மாநில அரசு வழக்கமாகத் தரும் விடுமுறையை ரத்து செய்தது. பெருந்தொற்றால் ஊர்வலமும் இல்லை. உறுமிகள் வீட்டிலேயே இருந்தன. மறு ஆண்டு விடுமுறை திரும்பியது. இன்றும் தைப்பூசத்தன்று சுங்கைப் பட்டாணி சுப்பிரமணியர் கோயில் பாதையில் காவடிகளுக்கு முன்னே உறுமி முழங்குகிறது. கலைந்துபோன தோட்டங்களின் மேளக்காரர்கள் பலர் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களின் அடியையும் பாட்டையும் பதிந்த பழைய ஒலிநாடாக்களை வைத்திருப்போர், வாசித்தவர் பெயர், தோட்டம், ஆண்டு மூன்றையும் உறைமேல் எழுதிவைக்க வேண்டும்.