இந்திய ரயில் பயணிகள் சேவையும் அரசு நிதியும்

இந்திய ரயில்வேயில் பயணச்சீட்டின் விலை, அப்பயணத்திற்கு ஆகும் செலவு முழுவதையும் ஈடுசெய்வதில்லை. எஞ்சும் தொகையைச் சரக்கு அனுப்புவோர் ஏற்பதா, வரி செலுத்துவோர் ஏற்பதா, பயணியே ஏற்பதா என்னும் வழக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வெவ்வேறு வடிவங்களில் நடந்துவருகிறது.

இவ்வழக்கின் வேர் 1849இல் கிழக்கிந்தியக் கம்பெனி இரண்டு ரயில் நிறுவனங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில் இருக்கிறது. அவற்றின்படி, லண்டனில் திரட்டப்பட்ட முதலுக்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வட்டி உறுதியளிக்கப்பட்டது; நிலம் இலவசமாக வழங்கப்பட்டது; ரயில் ஓடிக் கிடைக்கும் வருவாய் அவ்வட்டிக்குப் போதாவிடில், குறையை இந்திய அரசின் பொது வருவாயிலிருந்து நிரப்ப வேண்டியிருந்தது. உத்தரவாத முறை எனப்பட்ட இவ்வேற்பாட்டில், இழப்பு எவ்வளவானாலும் பங்குதாரருக்கு வட்டி வந்துசேரும் என்பதால் செலவைச் சுருக்கும் அக்கறை நிறுவனங்களுக்கு எழவில்லை. அந்தச் சுமை பெரும்பாலும் நிலவரி கட்டிய உழவர்களின் தலையில் விழுந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பகுதிக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலும் இம்முறையின்கீழ் பிறந்ததே. காவிரி, கொள்ளிடப் பாசனப் பணிகளால் தமிழகத்தில் அறியப்பட்ட ஆர்தர் காட்டன், ரயிலுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்களுக்குச் செலவிட வேண்டும் என்று பல்லாண்டுகள் வாதிட்டும் பலன் கிட்டவில்லை.

பயணிகள் வருவாயின் பெரும்பகுதி மூன்றாம் வகுப்பிலிருந்தே வந்தது. ஆயினும் அவ்வகுப்பினருக்கே வசதி மிகக் குறைவாக இருந்தது. காந்தி 1917இல் மூன்றாம் வகுப்புப் பயணத்தின் அவலங்களைத் தனிச் சிறுநூலாக எழுதி வெளியிட்டபின், ரயில் கட்டணமும் வசதியும் விடுதலை இயக்கத்தின் குறைகளின் பட்டியலில் உறுதியாக இடம்பிடித்தன. ஏழைப் பயணியின் கட்டணத்தை உயர்த்துவது அநீதி என்று பின்னாளைய இந்திய அரசியலில் ஊறிப்போன உணர்வுக்கு இந்த அனுபவமே அடித்தளம் என்று கருத இடமுண்டு.

முதல் உலகப் போரின்போது பழுதடைந்து நின்ற ரயில்வேயைச் சீரமைக்க வழி காண, வில்லியம் அக்வொர்த் தலைமையில் 1920இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியும் அதில் உறுப்பினராக இருந்தார். ஆண்டுதோறும் அரசின் நிதித் தேவைக்கேற்ப ரயில்வேக்கான ஒதுக்கீடு கூடியும் குறைந்தும் வந்ததே சீர்கேட்டுக்குக் காரணம் என்று கண்ட அக்குழுவின் கருத்தை ஏற்று, 1924 செப்டம்பரில் மத்திய சட்டமன்றம் ரயில்வே நிதியைப் பொது நிதியிலிருந்து பிரித்தது. அதன்படி ரயில்வே தன் வரவு செலவைத் தானே வகுத்துக்கொள்ளலாம். மாற்றாக, தன்னிடம் முடங்கிய அரசு முதலுக்கு ஈடாக ஒரு தொகையை ஆண்டுதோறும் கருவூலத்திற்குச் செலுத்த வேண்டும். விடுதலைக்குப் பின் இத்தொகை ஈவுத்தொகை என்ற பெயரில் தொடர்ந்தது. அதன் விகிதத்தை நாடாளுமன்றத்தின் ரயில்வே உடன்பாட்டுக் குழு அவ்வப்போது நிர்ணயித்தது. பயணிகள் சேவையில் இழப்பு கண்ட காலத்திலும் ரயில்வே இவ்வாறு கருவூலத்திற்குப் பணம் கட்டிவந்தது என்பதை, அதை அரசின் தருமத்தில் வாழும் துறையாகவே எண்ணுவோர் பெரும்பாலும் அறிவதில்லை. மறுபுறம், புதிய பாதைகளுக்கும் பெட்டிகளுக்கும் அரசு தந்த திட்ட நிதி, ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் ரயில்வே முதலீட்டின் முக்கால் பங்காக இருந்து, எட்டாம் திட்டத்தில் கால் பங்குக்கும் கீழாகச் சரிந்தது. அவ்விடைவெளியை நிரப்பக் கடன் திரட்டுவதற்கென்றே 1986இல் இந்திய ரயில்வே நிதிக் கழகம் நிறுவப்பட்டது.

கருவூலமும் பயணியும் கொடுக்காத தொகையைச் சரக்கு கொடுத்தது. சரக்குக் கட்டணத்தில் கிடைக்கும் மிகுதியைக் கொண்டு பயணிகள் சேவையின் இழப்பை ஈடுசெய்யும் இம்முறை குறுக்கு மானியம் எனப்படுகிறது. இது எந்த ஆண்டிலும் மானியம் என்ற தலைப்பில் நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கு வைக்கப்பட்டதில்லை. அதனால்தான் அது இத்தனை காலம் எதிர்ப்பின்றி வளர்ந்தது. ஆனால் நிலக்கரி, சிமெண்டு, உணவு தானியம் ஆகியவற்றின் மீது ஏற்றப்படும் கட்டணம் மின்கட்டணமாகவும் வீடு கட்டும் செலவாகவும் அரிசி விலையாகவும் மக்களிடமே திரும்பி வருகிறது. ரயிலில் ஒருபோதும் ஏறாதவரும் அதைச் செலுத்துகிறார். இதன் இன்னொரு விளைவு, சரக்குப் போக்குவரத்து லாரிகளுக்கு மாறியது. 1950களின் தொடக்கத்தில் நாட்டின் சரக்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை ஏற்றிய ரயில்வே, இந்நூற்றாண்டில் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

தனி ரயில்வே பட்ஜெட், நிதியை அரசியலிலிருந்து காப்பதற்காகப் பிறந்தது. கூட்டணி ஆட்சிகளின் காலத்தில் அதுவே அரசியலின் மேடையாயிற்று. நிதீஷ் குமார், மம்தா பானர்ஜி, லாலு பிரசாத் யாதவ் எனக் கூட்டணிக் கட்சித் தலைவர்கள் அடுத்தடுத்து இத்துறையைக் கேட்டுப் பெற்றனர். எந்த ஊருக்குப் புதிய ரயில், எந்த நிலையத்தில் நிறுத்தம் என்பன பட்ஜெட் நாளின் தலைப்புச் செய்திகளாயின. 2012 மார்ச் 14 அன்று, பல ஆண்டுகளாக உயராதிருந்த கட்டணத்தைச் சாதாரண இரண்டாம் வகுப்பில் கிலோமீட்டருக்கு இரண்டு பைசா கூட்டிய ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதி, தம் சொந்தக் கட்சியான திரிணமூல் காங்கிரசின் எதிர்ப்பால் நான்கே நாட்களில் பதவி விலக நேர்ந்தது. அவருக்குப் பின் வந்த முகுல் ராய் உயர் வகுப்புகள் தவிர்த்த ஏனைய உயர்வுகளைத் திரும்பப் பெற்றார். 2014 ஜூனில் புதிய அரசு அறிவித்த 14.2 விழுக்காட்டு உயர்வு நிலைத்தது என்றாலும், மும்பைப் புறநகர்ப் பயணிகளின் சீற்றத்தால், எண்பது கிலோமீட்டர் வரையிலான புறநகர் இரண்டாம் வகுப்புக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

புறநகர்ச் சேவைகளில் மாநில அரசின் பங்கு என்ன என்பது தனிச் சிக்கல். சென்னைப் பறக்கும் ரயில் திட்டத்தின் மயிலாப்பூர் முதல் வேளச்சேரி வரையான இரண்டாம் கட்டத்தில், கட்டுமானச் செலவின் மூன்றில் இரண்டு பங்கைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. 2007இல் நிறைவடைந்த அத்தடத்தை இயக்கும் பொறுப்பும் அதன் இழப்பும் ரயில்வேயிடமே நின்றன. பேருந்தோடும் நகரத் திட்டமிடலோடும் அது இணையாமல் பல ஆண்டுகள் தனித்துக் கிடந்ததற்குப் பொறுப்பின் இப்பிளவு ஒரு முதன்மைக் காரணம்.

பிபேக் தேப்ராய் தலைமையிலான குழு 2015இலும் நிதி ஆயோக் அதற்கடுத்த ஆண்டிலும் கூறியவற்றை ஏற்று, மத்திய அமைச்சரவை 92 ஆண்டுகள் நீடித்த தனி பட்ஜெட்டைக் கைவிட்டது. 2017 பிப்ரவரி 1 முதல் ரயில்வேயின் கணக்கு பொது பட்ஜெட்டுக்குள் அடங்கியது. ஈவுத்தொகை செலுத்தும் கடமையும் நீங்கியது. அரசின் முதலீட்டு நிதி பெருகி, 2024-25இல் 2.52 லட்சம் கோடி ரூபாயை எட்டியது. ஆனால் இது பாதை, பெட்டி, நிலையம் ஆகியவற்றை உருவாக்குவதற்கான பணம். நாள்தோறும் ரயிலை ஓட்டும் செலவில் பயணி தராத பங்கு இன்றும் சரக்கு வருவாயிலிருந்தே எடுக்கப்படுகிறது. அச்சுமையின் அளவைப் பயணிக்கு உணர்த்த, பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காடு மட்டுமே வசூலிக்கப்படுகிறது என்ற வாசகம் பயணச்சீட்டிலேயே அச்சிடப்பட்டது. தனி விவாதம் மறைந்தபின் கட்டண முடிவுகள் பெரிதும் நிர்வாக ஆணைகளாகவே வருகின்றன. 2020 மார்ச்சில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்ட மூத்த குடிமக்கள் சலுகையை, குறைந்தது தூங்கும் வசதி வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலுமாவது மீட்கலாம் என்று நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தும் அது ஏற்கப்படவில்லை.

குறைந்த கட்டணம் வேண்டாம் என்பதல்ல குறை. நாற்று நடவுக்கும் கட்டட வேலைக்கும் ஊர்விட்டு ஊர் போகும் தொழிலாளிக்கு முன்பதிவில்லாப் பெட்டியே வாழ்வாதாரம்; அதற்குப் பொதுப்பணம் செல்வது முறையே. அத்தொகை இவ்வளவு என்று ஆண்டுதோறும் அறிவித்து, நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு பொது நிதியிலிருந்து ரயில்வேக்கு நேரடியாக ஈடுசெய்ய வேண்டும். ராகேஷ் மோகன் குழு 2001லும் தேப்ராய் குழு 2015லும் சமூகச் சேவையின் செலவை அரசே ஏற்க வேண்டும் என்றே கூறின. அப்பரிந்துரை இன்னும் நிறைவேற்றப்படவில்லை.