டென்னிஸ் எல்போ ஊசிகள்: எதோடு ஒப்பிடுகிறோம்?

உள்ளங்கை கீழே பார்க்கும்படி கையை மேசைமேல் வைக்கச் சொல்லி, நோயாளி மணிக்கட்டை உயர்த்தும்போது மருத்துவர் அதை எதிர்த்து அழுத்துவார். முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் சுரீரென்று வலி பிடித்தால், அது பெரும்பாலும் டென்னிஸ் எல்போ. டென்னிஸ் மட்டையைத் தொட்டே அறியாதவர்களும் ஈரத்துணியைப் பிழிய முடியாமல் இவ்வலியோடு வருகிறார்கள். எந்த ஊசி நல்லது என்பதற்கு ஆய்வுகள் தரும் விடை, எப்போது அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்ற இரண்டையும் பொறுத்தது. முதலாவதைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இரண்டாவதைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பதே என் வாதம்.

நெதர்லாந்தில் 185 பேரிடம் நடந்து 2002-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வில், ஆறு வாரத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 92 சதவீதத்தினர் தேறியிருந்தனர்; ஊசியின்றிக் காத்திருந்தவர்களில் 32 சதவீதத்தினரே தேறினர். ஓராண்டு முடிவில் நிலைமை தலைகீழானது: ஊசிக் குழுவில் 69, காத்திருந்தவர்களில் 83, இயன்முறை சிகிச்சை பெற்றவர்களில் 91 சதவீதம். ஸ்டீராய்டின் பலன் தேய்ந்துபோகிறது என்று மட்டும் இதற்குப் பொருள் கொண்டால் போதாது. ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் நடந்த 2013 ஆய்வில், உப்புநீர் ஊசி பெற்றவர்களில் 12 சதவீதத்தினருக்கே வலி திரும்பியது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் 54 சதவீதத்தினருக்கு. மருந்தே இல்லாத ஊசியைவிட மருந்து ஊசி மோசமாக முடிந்திருக்கிறது.

காரணத்தைத் திசுவில் தேடலாம். நாள்பட்ட நோயில் அறுவை செய்து எடுத்த தசைநாணை நுண்ணோக்கியில் பார்த்தால், அழற்சி அணுக்களைக் காண்பது அரிது; ஒழுங்கு குலைந்த கொலாஜன் இழைகளே தெரிகின்றன. அழற்சியை அடக்கும் மருந்துக்கு அங்கே அதிக வேலையில்லை. வலி அடங்கிய தைரியத்தில் நோயாளி ஆறாத கைக்குப் பளு கொடுத்துவிடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி பி.ஆர்.பி. நோயாளியின் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து ஊசியாகப் போடுவது இது. 100 பேரிடம் நடந்த 2010-ஆம் ஆண்டின் நெதர்லாந்து ஆய்வில் ஓராண்டு வெற்றி பி.ஆர்.பி.க்கு 73 சதவீதம், ஸ்டீராய்டுக்கு 49 சதவீதம். இந்த எண்களே இன்றும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படுகின்றன. ஆனால் ஓராண்டில் பின்தங்கும் என்று தெரிந்த ஒன்றின் அருகில் நிறுத்தினால், எதுவும் உயரமாகத்தான் தெரியும். டென்மார்க்கில் 60 பேரை பி.ஆர்.பி., ஸ்டீராய்டு, உப்புநீர் என மூன்றாகப் பிரித்தபோது, மூன்று மாத முடிவில் வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 32 ஆய்வுகளைத் திரட்டிய 2021 காக்ரேன் மதிப்பாய்வும் நோயாளியின் ரத்தத்தைப் பிரிக்காமல் அப்படியே போடும் ஊசி, பி.ஆர்.பி. இரண்டிலும் நோயாளி உணரத்தக்க பலனைக் காணவில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. 230 பேரைச் சேர்த்த 2014 அமெரிக்க ஆய்வில் பி.ஆர்.பி. ஸ்டீராய்டோடு போட்டியிடவில்லை, மரப்பு மருந்து கொடுத்து ஊசியால் தசைநாணைக் குத்துவதோடுதான் ஒப்பிடப்பட்டது. 24 வாரத்தில் வெற்றி 83.9-க்கு 68.3 சதவீதம். இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் அந்த 24 வாரக் கணக்கில் 119 பேரே இருந்தனர் என்பது எனக்கு உறுத்துகிறது.

பி.ஆர்.பி. பயனற்றது என்று இதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. ஸ்டீராய்டை வென்றது என்பது அதன் பயனுக்குச் சான்றாகாது என்கிறேன். புதிய ஆய்வுகள் உப்புநீர் ஊசிக் குழுவோடும் ஓராண்டுக் கண்காணிப்போடும் நடக்க வேண்டும். அதுவரை, "ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர்" என்று கேட்பவரிடம் ஆறு வாரத்து 92-ஐச் சொல்லும்போது, ஓராண்டின் 69-ஐயும் ஊசியே போடாதவர்களின் 83-ஐயும் சேர்த்துச் சொல்லிவிட்டே சிரிஞ்சை எடுக்க வேண்டும்.